எங்கே இறங்குகிறோம், எங்கே தங்குகிறோம்

தஞ்சாவூரில் இரவு உழவன் எக்ஸ்பிரஸ் ஏறும் டெல்டாக்காரருக்குச் சென்னை என்றால் எழும்பூர்தான். ஒரு கையில் துணிப்பை, இன்னொரு கையில் உறவுக்காரருக்குப் புது அரிசி. ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள கென்னத் லேன் லாட்ஜ்களில் நுழைந்துவிடுவார்.

பழக்கம் நல்லதுதான். ஆனால் 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்தபின், பஸ்ஸில் போகிறவர்களின் கணக்கு மாறிவிட்டது. பஸ் அங்கேயே நின்றுவிடுகிறது; அங்கிருந்து எழும்பூர் சுமார் 30 கிலோமீட்டர். தாம்பரம் பக்கம் கல்யாணம் என்றால் அந்தப் பக்கமே அறை எடுப்பது மேல்.

ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனைக்கு வருபவர்களுக்கு எழும்பூரே வசதி. மெட்ரோவில் அடுத்த நிலையம் சென்ட்ரல், எதிரே மருத்துவமனை. கூட வருபவர் மாடி ஏற முடியாதவர் என்றால், முன்பணம் கொடுக்குமுன் லிஃப்ட் ஓடுகிறதா என்று ஒருமுறை நேரில் பார்த்துவிடுங்கள்.