காத்திருக்க யாரால் முடிகிறது?

(ஆய்வு மாணவர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மூலக்கூறு மருத்துவம், மருந்துக் கண்டுபிடிப்பு ஆகிய துறைகளுக்கு வர விரும்பும் மாணவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "அக்கா, அதுக்கு ரொம்ப மூளை வேணுமா?" என்பதுதான். மூளை எல்லாரிடமும் இருக்கிறது. இந்தத் துறை கேட்பது காலத்தை. அந்தக் காலத்துக்கு யார் செலவு செய்வது என்பதில்தான் சாதி உட்கார்ந்திருக்கிறது.

நான் காசநோய்க் கிருமி குறித்து ஆய்வு செய்கிறேன். கிருமி உயிர்வாழத் தேவையான ஒரு புரதத்தைத் தேர்ந்தெடுத்து, அதை முடக்கும் சேர்மத்தைத் தேடுகிறோம். ஆயிரக்கணக்கில் சோதித்தால் சில தேறும். அவற்றில் ஒன்று கிருமிக்குள் நுழையாது; ஒன்று கல்லீரலைக் கெடுக்கும்; ஒன்று எலியின் உடலில் அரை மணி நேரம்கூடத் தங்காது. இதையெல்லாம் தாண்டி மனிதர்களிடம் சோதிக்கப்படும் மருந்துகளிலும் ஏறக்குறைய பத்தில் ஒன்பது தோற்றுவிடும். பெடாகுவிலின் 2012இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றபோது, காசநோய்க்குப் புதுவகை மருந்து ஒன்று வந்து நாற்பது ஆண்டுகள் கடந்திருந்தன.

ஆக, தோற்பதுதான் எங்கள் அன்றாட வேலை. அப்படித் தோற்றுக்கொண்டே காத்திருக்க யாரால் முடியும்?

2023 ஜனவரி முதல் இளநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு 42,000. தாளில் நல்ல தொகைதான். எனக்கு ஒருமுறை ஐந்து மாதம் வரவில்லை. பக்கத்து மேசைத் தோழிக்கும் வரவில்லை. அவருக்கு வீட்டிலிருந்து பணம் வந்தது. என் வீட்டிலோ, நான் அனுப்பினால்தான் தம்பிக்குக் கல்லூரிக் கட்டணம். மாலையில் டியூஷன் எடுக்கப் போனேன். அவருடைய பரிசோதனைகள் முடிந்தன, என்னுடையவை தள்ளிப்போயின. ஆண்டு மதிப்பீட்டில் அவர் 'திறமையானவர்', எனக்கு 'ஈடுபாடு போதாது'. தகுதி என்று அந்த அறையில் அளக்கப்பட்டது எங்கள் குடும்பங்களின் கையிருப்பு.

இதை அலுவலகத் தாமதம் என்று ஒதுக்க முடியாது. 2016 ஜனவரி 17 அன்று ரோகித் வெமுலாவை இழந்தபோது, அவருக்கு ஏழு மாத உதவித்தொகை வரவேண்டியிருந்தது.

முனைவர் பட்டத்துக்குப் பிறகும் காத்திருப்புதான். வெளிநாட்டில் சில ஆண்டுகள், பிறகு பேராசிரியர் பணிக்கான வரிசை. மத்தியக் கல்வி நிறுவன ஆசிரியர் பணியிட இடஒதுக்கீட்டுச் சட்டம் 2019இல் வந்தது. அதன் 4ஆம் பிரிவு, 'மேன்மைமிகு' நிறுவனங்கள் என்று ஒரு பட்டியலுக்கு விலக்கு அளிக்கிறது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் அதில் இருக்கிறது. மேன்மையும் நாமும் ஒரே அறையில் இருக்கக் கூடாது என்பதுதானே இதன் பொருள்?

வரலாற்றைப் பாருங்கள். சென்னையில் 1956இல் காசநோய் மருத்துவ ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. சானடோரியத்தில் சேராமல் வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் நோய் அதே அளவுக்குக் குணமாகும் என்று 1959இல் அது நிறுவியது. உலகத்தின் சிகிச்சை முறையே மாறியது. நெரிசலான குடியிருப்புகளில் வாழ்ந்த ஏழை நோயாளிகள் தங்கள் உடலைத் தந்து உருவாக்கிய அறிவு அது. சளி மாதிரி தரும்போது யாரும் நம்மிடம் தகுதி கேட்கவில்லை. அதை நுண்ணோக்கியில் பார்க்க வரும்போது மட்டும் கேட்கிறார்கள்.

இளநிலை, முதுநிலை படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்கிறேன். ஊதியமில்லாத பயிற்சிக்கு யாரையும் கெஞ்ச வேண்டாம். இந்திய அறிவியல் அகாடமிகள் சேர்ந்து ஆண்டுதோறும் கோடைகால ஆய்வு உதவித்தொகை தருகின்றன. விண்ணப்பியுங்கள். ஏற்கெனவே உள்ளே இருக்கும் நாம் அந்த விண்ணப்பத்தை எழுத உதவுவோம்.

நம் கோரிக்கைகள் மூன்று: உதவித்தொகை மாதந்தோறும் வர வேண்டும். தாமதமானால் அந்தக் காலத்தை ஆய்வுக் கெடுவில் சேர்த்துத் தர வேண்டும். 4ஆம் பிரிவின் மேன்மைப் பட்டியல் நீக்கப்பட வேண்டும்.

மருந்துக்காக நம் மக்கள் காத்திருந்தது போதும். அதைக் கண்டுபிடிக்கும் மேசையிலும் நாம் உட்கார வேண்டும்.

ஜெய்பீம்!