கச்சத்தீவைக் கேட்பதால் நட்டமே!



எனக்கு முன்னால் பேசிய அண்ணன், "நம்ம வீட்டுத் திண்ணையை அடுத்தவனுக்கு விட்டுக் கொடுப்போமா?"ன்னு கேட்டார். நீங்க கை தட்டினீங்க. நானும்தான் தட்டினேன். (சிரிப்பு)

எங்க அப்புச்சிக்கு ராசிபுரம் பக்கம் நாலு ஏக்கருங்க. பங்காளியோட வரப்புத் தகராறு. வரப்பு அகலம் முக்கால் முழம். கேசு பதினோரு வருஷம். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு ஆடு சந்தைக்குப் போகும். கடைசியிலே அப்புச்சி ஜெயிச்சாரு. ஆனா பங்காளி கிணத்துல இருந்து வந்துக்கிட்டிருந்த முறைத்தண்ணி நின்னு போச்சு. ஜெயிச்ச வரப்பு மேல நின்னுக்கிட்டு, காஞ்சுபோன மரவள்ளியைப் பாத்துக்கிட்டிருந்தாரு. (பலத்த சிரிப்பு)

கச்சத்தீவு 285 ஏக்கர். குடிக்கத் தண்ணி கிடையாது. சேதுபதி ஜமீன் ஆவணத்திலே இருந்ததை நான் மறுக்கலை. 1974-இலே இந்திரா அம்மையாரும் சிறிமாவோ அம்மையாரும் போட்ட கையெழுத்து சரியா தப்பான்னு கேட்டு, 2008-இலே ஜெயலலிதா அம்மையார் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2014-இலே மத்திய அரசின் தலைமை வழக்கறிஞர் அங்கே என்ன சொன்னார்? திரும்ப வாங்கணும்னா போருக்குத்தான் போகணும்னார். 2025 ஏப்ரலிலே சட்டமன்றம் மறுபடியும் தீர்மானம் போட்டது. வாய்தா நடக்குதுங்க!

இப்ப முறைத்தண்ணிக்கு வர்றேன். 1974-இலே போட்டது பாக் நீரிணைக்கு ஒரு கோடு. 1976-இலே தெற்கே இன்னொரு ஒப்பந்தம். அதிலேதான் கன்னியாகுமரிக்குத் தெற்கே இருக்கிற வாட்ஜ் பேங்க் மீன்வளம் நமக்குன்னு எழுதியாச்சு. ஒரு பத்திரத்தை நாம கிழிச்சா, இன்னொண்ணை அவன் பெட்டியிலே வச்சுப் பூட்டுவானா? (கைதட்டல்)

எதிரணி அம்மா, மீனவர் கைதாகிறாரேன்னு கண் கலங்கினாங்க. நியாயமான கண்ணீர். ஆனா பல படகுகள் பிடிபடுறது எங்கே? கச்சத்தீவையும் தாண்டி, நெடுந்தீவுப் பக்கம். எல்லைக் கோடு தீவுக்கு மேற்கே ஒரு மைல்தான். தீவு வந்தாலும் நெடுந்தீவுக் கடல் நம்மளது ஆகாதே!

அந்தக் கடல் யாருடையது? 26 வருஷம் உள்நாட்டுப் போர். கடற்படை கட்டுப்பாட்டாலே யாழ்ப்பாணத்துக்காரனும் மன்னார்க்காரனும் கடலுக்குப் போக முடியலை. 2009 மே மாசம் போர் முடிஞ்சு, கடன் வாங்கி, வலை வாங்கி, சின்னப் படகிலே இறங்கினான். அவன் வலையை அறுத்துக்கிட்டுப் போனது நம்ம இழுவைமடி விசைப்படகு. வீட்டை இழந்த தமிழன்கிட்ட கடலையும் விட்டுக் கொடுன்னு கேட்கிற நிலைமையிலே நம்மளை நிறுத்தியிருக்கு இந்தக் கோரிக்கை. (அமைதி)

கொழும்புகிட்ட டெல்லி கேட்க வேண்டியது நிறைய இருக்குங்க. 1987 ஒப்பந்தத்திலே பிறந்த 13-ஆவது திருத்தம் முழுசா நடைமுறைக்கு வரலை. 2017-இலே அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை 99 வருஷக் குத்தகைக்குச் சீனக் கம்பெனி எடுத்தாச்சு. 2022 ஆகஸ்டிலே சீன ஆய்வுக் கப்பலே அங்கே வந்து நின்னுச்சு. தீவைக் கொடுன்னு நாம மேடை போட்டா, கொழும்பு அரசியல்வாதி, "பாத்தீங்களா, இந்தியாக்காரன் நம்ம மண்ணைக் கேட்கிறான்"னு அங்கே மேடை போடுவான். பாரம் ஏத்துற லாரிக்கும் ஒரு அளவு உண்டுன்னு நாமக்கல்லுக்காரங்களுக்கு நான் சொல்லணுமா? தீவை ஏத்தினா, மாகாண அதிகாரத்தை இறக்கணும்.

2014-இலே சென்னையிலேயும் கொழும்பிலேயும் ரெண்டு நாட்டு மீனவர்களே உட்கார்ந்து பேசினாங்க. இழுவைமடியை எப்ப நிறுத்துவீங்கன்னுதான் அவங்க கேட்டாங்க. நடுவர் மணியிலே கை வச்சுட்டார். அந்தக் கேள்விக்கு எதிரணி பதில் சொல்லட்டும்.

(கைதட்டல்)