கொள்கையும் வாயிற்படியும்
(வைகாசி மூலத் திருநாளில் நிகழ்த்திய சொற்பொழிவு)

திருச்சிற்றம்பலம்.



இன்று வைகாசி மூலம். நல்லூர்ப் பெருமணத்தில் எழுந்த சிவசோதியில் ஆளுடைய பிள்ளையார் கலந்தருளிய நன்னாள். அச்சோதியில் அவரோடு உடன் புகுந்தோர் பலர். அவர்களுள் திருநீலநக்க நாயனார் அந்தணர். திருநீலகண்ட யாழ்ப்பாண நாயனார் பாணர். குலம் கேட்டு வாயிலில் நிறுத்தப்பட்டவர் அங்கே ஒருவருமிலர். ஆதலால் இருவர்க்கும் குருபூசை நாள் ஒன்றேயாயிற்று.

இந்நாளில் உங்கள் சிந்தனைக்கு ஒரு வினாவை வைக்க விரும்புகிறேன். ஒரு நற்கொள்கையைப் பரப்புதற்கென்றே கூடிய கூட்டம் அக்கொள்கைக்குத் தானே மாறாக நடக்குமாயின், நாம் அதனை எவ்வாறு கொள்வது? எள்ளி நகைப்பதா? கொள்கையே பொய் என்று கைவிடுவதா? வேறு வழியுண்டா?

முதலில் அயல்நாட்டு நிகழ்ச்சி ஒன்றைக் கேளுங்கள். 1840ஆம் ஆண்டு சூன் மாதம் 12ஆம் நாள் இலண்டன் மாநகரில் ஒரு பேரவை கூடிற்று. மனிதனை மனிதன் விலைக்கு வாங்கி அடிமை கொள்ளும் கொடுமையை உலகெங்கணும் ஒழிப்பதே அதன் நோக்கம். அடிமை ஒழிப்புச் சட்டம் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் 1833இலேயே நிறைவேறிவிட்டது. அமெரிக்காவிலோ அக்கொடுமை ஓங்கி நின்றது. அந்நாட்டிலிருந்து பிரதிநிதிகள் பலர் கடல் கடந்து வந்தனர். லுக்ரீஷியா மாட் அம்மையார் முதலிய பெண்மணிகள் சிலரும் அவர்களுள் இருந்தனர். பெண்களுக்கு இவ்வவையில் இடமுண்டா என்பதே முதல் நாள் வழக்காயிற்று. இல்லை என்று பெரும்பான்மையோர் முடிவு கட்டினர். பிறப்பைக் காட்டி ஒருவர்க்கு உரிமை மறுப்பது அநீதி என்று முழங்க வந்தோர், பிறப்பைக் காட்டியே பெண்டிர்க்கு இருக்கை மறுத்தனர். பேசும் உரிமையின்றிப் பார்வையாளராய் ஒதுங்கியிருக்குமாறு அவர்களைப் பணித்தனர்.

சில நாள் கழித்து வில்லியம் லாயிட் காரிசன் என்பவர் வந்து சேர்ந்தார். அமெரிக்க அடிமை ஒழிப்பு இயக்கத்தின் தலைவர்களுள் அவர் முதன்மையானவர். அவையில் அவருக்கு இடம் இருந்தது. நடந்ததை அறிந்த அவர் அவ்விடத்தை ஏற்கவில்லை. பெண்கள் இருந்த மாடத்திற்குச் சென்று அவர்களோடு அமர்ந்தார்; அவை நடவடிக்கையிற் கலந்துகொள்ள மறுத்துவிட்டார்.

கதை இத்துடன் முடியவில்லை. அன்று அங்கிருந்த எலிசபெத் கேடி ஸ்டாண்டன் அம்மையாரும் லுக்ரீஷியா மாட் அம்மையாரும் 1848இல் செனகா பால்ஸ் என்னும் ஊரில் பெண்ணுரிமை மாநாட்டைக் கூட்டினர். பெண்களுக்கு வாக்குரிமை வேண்டுமென்ற தீர்மானத்தை அம்மாநாட்டில் எழுந்து ஆதரித்தவர் பிரெடரிக் டக்ளஸ்; அடிமைத் தளையினின்று தப்பி வந்த கறுப்பினத்தவர். அவ்வியக்கம் வளர்ந்தது. 65 ஆண்டுகள் சென்றன. 1913ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 3ஆம் நாள் வாஷிங்டன் நகரில் வாக்குரிமை வேண்டிப் பெண்கள் பேரணி நடத்தினர். ஐடா வெல்ஸ் என்னும் கறுப்பினப் பெண்மணி தம் மாநிலத்தாரோடு நடக்க வந்தபோது, கறுப்பினத்தார் கடைசியில் வரட்டும் என்று சொல்லப்பட்டது. அவர் அதற்கு இணங்கவில்லை. ஊர்வலம் புறப்பட்ட பின் இடையிலே புகுந்து தம் மாநில வரிசையிலேயே நடந்தார். ஒதுக்கப்பட்டோர் கூடி எழுப்பிய இயக்கம், தன்னினும் ஒதுக்கப்பட்டோரைப் பின்னே தள்ளிய விந்தையைப் பாருங்கள்!

அயலார் குற்றம் ஆராய்ந்தது போதும். நம் வீட்டிற்கு வருவோம். சேக்கிழார் பெருமான் பெரிய புராணம் அருளிச்செய்தது 12ஆம் நூற்றாண்டில். திருநாளைப்போவார் சரிதத்தை அன்று முதல் நாம் ஓதுகிறோம். கேட்டுக் கண்ணீர் வடிக்கிறோம். பெருங்கோயில்களின் திருச்சுற்றில் அறுபத்து மூவர் வரிசையில் அவர் திருவுருவமும் நிற்கிறது. அதற்குத் தூபமும் தீபமும் உண்டு. ஆனால் அவர் குலத்திற் பிறந்தோர் கோபுரத்திற்கு வெளியே நின்றனர். மதுரையில் 1939ஆம் ஆண்டு சூலை மாதம் 8ஆம் நாள் வைத்தியநாத ஐயர் அம்மக்களுட் சிலரை அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மை திருக்கோயிலுள் நுழைந்தார். அவ்வாண்டிலேயே சென்னை மாகாணத்தில் அதற்குச் சட்டமும் பிறந்தது. ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகள் நம் வாய் ஒன்றைப் பாடிற்று. நம் கதவு வேறொன்றைச் சொல்லிற்று.

இது ஏன் நிகழ்கிறது? வஞ்சகத்தால் மட்டும் நிகழ்வதன்று. நம் நோக்கம் தூயது, ஆகவே நம் வழக்கமெல்லாம் தூயவை என்று நாம் நம்பிவிடுகிறோம். கொள்கையைப் பிறர்மேற் செலுத்தும் கருவியாகக் கொள்கிறோம். நம்மை அளக்கும் கோலாகக் கொள்வதில்லை.

இந்த நோய்க்கு மருந்து இன்றைய நாயனார் வரலாற்றிலேயே உள்ளது. சாத்தமங்கையில் அயவந்திப் பெருமானைத் திருநீலநக்கர் பூசித்துக்கொண்டிருந்தார். திருமேனிமேல் ஒரு சிலந்தி விழுந்தது. உடனிருந்த மனைவியார் பதறி, குழந்தைமேல் விழுந்ததை ஊதும் தாய்போல வாயினால் ஊதிப் போக்கினார். எச்சில் பட்டதென்று சினந்த நாயனார், உன்னைத் துறந்தேன் என்றார். பூசைக்குப் பயன் அன்பு. அவரோ பூசையின் விதியைக் காத்து அன்பைத் துறந்தார். அன்றிரவு இறைவன் கனவில் தோன்றித் தன் திருமேனியைக் காட்டினான். அம்மையார் ஊதிய இடம் ஒழிய எங்கும் கொப்புளம்! விழித்த நாயனார் செய்தது என்ன? தம் செயலுக்கு நியாயம் தேடவில்லை. பூசையே வீண் என்று விட்டுவிடவுமில்லை. விடிந்ததும் ஆலயம் சென்று மனைவியாரை அழைத்துவந்தார்.

அத்திருத்தம் மெய்யென்பதற்குச் சான்று பின்னர் வந்தது. பிள்ளையார் அவர் மனைக்கு எழுந்தருளியபோது, யாழ்ப்பாணரும் அவர் மனைவியாரும் தங்க ஓரிடம் வேண்டினார். நாயனார் புறந்திண்ணையைக் காட்டவில்லை. வீட்டின் நடுவே, வேள்வித்தீ வளர்க்கும் வேதிகையின் அருகே இடம் கொடுத்தார். அத்தீ வலஞ்சுழித்து ஓங்கி எரிந்ததென்பது புராணம். முன்னே எச்சில் என்று அஞ்சியவர் அவரே. பின்னே வேதிகையருகே இடம் அளித்தவரும் அவரே.

இனி அடியேன் குற்றம் ஒன்றைச் சொல்ல வேண்டும். இளமையில் ஓர் ஊரில் ஒரு சைவ சபையாரின் விழாவிற் பேசினேன். பொருள், இப்போது நான் சொன்ன யாழ்ப்பாணர் வரலாறே. பேச்சிற்கு முன் முதியவர் ஒருவர் உருகித் தேவாரம் பாடினார். பின்பு உணவிற்கு அமர்ந்தோம். ஒருவர் வந்து அம்முதியவர் காதில் ஏதோ சொன்னார். அவர் இலையை விட்டு எழுந்து வெளித் திண்ணைக்குச் சென்றார். எல்லோரும் கண்டோம். ஏன் என்பதும் எல்லோர்க்கும் தெரியும். அடியேன் எழுந்திருக்கவில்லை. வேதிகையருகே இடம் கொடுத்த கதையைப் பேசிய வாய்தான் அன்று உண்டது. காரிசன் வரலாற்றைப் பின்னாளிற் படித்தபோது அந்தத் திண்ணைதான் என் கண்முன் நின்றது. அடியேன் அங்குச் சென்று அவரருகே அமர்ந்திருக்கலாம். அவரிடம் மன்னிப்புக் கேட்கும் பேறும் எனக்கு வாய்க்கவில்லை.

ஆதலின், மெய்யன்பர்களே, தொடக்கத்தில் வைத்த வினாவிற்கு விடை இது. கொள்கைக்கு மாறாக நடக்கும் கூட்டத்தைக் கண்டு நகைப்பது எளிது. நகைப்பவன் எதனையும் காப்பதில்லை. கொள்கையைக் கைவிடுவதும் எளிது. கைவிட்டால் வாயிலில் நிற்பவனுக்குத் தன் உரிமையைக் கேட்கச் சொல்லும் இல்லாமற் போகும். அவன் நம்மைக் குறை கூறுவது நம் கொள்கையைக் கொண்டே அன்றோ? அவன் குரலை நீலநக்கர் கண்ட கனவாகக் கொள்ள வேண்டும். கேட்ட அன்று விடிந்ததும் எழுந்து சென்று திருத்திக்கொள்ள வேண்டும்.

இன்னும் சற்று நேரத்தில் மாகேசுவர பூசை நடைபெறும். முதற்பந்தியில் அடியேனுக்கு இலை இட்டிருப்பதாகச் சொன்னார்கள். மகிழ்ச்சி. அப்பந்தியினின்று எவரேனும் எழுப்பப்படுவாராயின், இம்முறை அடியேனும் உடன் எழுவேன். அதற்கு இடம் நேராமற் காப்பது உங்கள் கடன். நேர்ந்தால் எழுவதும் நம் அனைவரின் கடன்.

திருச்சிற்றம்பலம்.