முதல் வேலையை யார் தருவது?
(செமிலிங் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பால் வெட்டிப் பிழைத்த நம் வீடுகளிலிருந்து இன்று தாதியர் வருகிறார்கள். மூன்றாண்டுப் படிப்பு, தாதியர் வாரியத் தேர்வு, 1950ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு, அத்தனையும் முடித்த பிள்ளையிடம், "அனுபவம் உண்டா?" என்கிறார்கள். வேலை கொடுக்காமல் அனுபவம் எங்கிருந்து வரும்?

தனியார் கல்லூரிகள் பெருகின. படித்தவர்கள் வேலையின்றி நின்றார்கள். 2010இல் அரசாங்கம் புதிய தாதியர் வகுப்புகளுக்குத் தடை போட்டது. இன்றோ தாதியர் போதவில்லை என்கிறார்கள்!

தோட்டத்தில் புதிதாய் வந்தவருக்குக் கத்தி பிடிக்கக் கற்றுக் கொடுத்துத்தானே நிரை கொடுத்தார்கள்? புதிய தாதிக்கும் மூத்தவர் மேற்பார்வையில் முதலாண்டு வேலை, முறையான சம்பளத்தோடு வேண்டும். தனித்தனியே விண்ணப்பம் போட்டு அலையும் பிள்ளைகள் ஒன்றுசேர்ந்து கேட்கட்டும். நாம் துணை நிற்போம்.