கல்வெட்டில் இல்லாத பாட்டு

பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடும் இந்தத் திருமுக்கூடல் கோயில் சுவரில் வீரராசேந்திரன் காலத்து மருத்துவமனைக் கணக்கு இருக்கிறது. மருந்துகளின் பெயர்கூட உண்டு. சேற்றில் நாற்று நட்டவளின் பாட்டு இல்லை.

அரக்கோணத்து அறிவு அந்தப் பாட்டை வீட்டில் கேட்டு வளர்ந்தவர். பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பியவர். 1964 ஒப்பந்தம் 5,25,000 பேரை வெறும் எண்ணாக்கியது. 2021இல் ‘என்ஜாய் எஞ்சாமி’ ஒருத்தியைப் பெயர் சொல்லி அழைத்தது.

அதே ஆண்டு அந்தப் பாட்டைக் கொண்டாடிய ஓர் இதழின் அட்டையில் எழுதியவரின் முகம் இல்லை. பா. ரஞ்சித் உள்ளிட்டோர் கேட்ட பின்பே வந்தது. கல்வெட்டின் பழக்கம் அச்சிலும் தொடர்கிறது.

மாணவர்களே, உங்கள் ஆயாவிடம் ஒரு பாட்டுக் கேளுங்கள். எழுதும்போது அவர் பெயரையும் எழுதுங்கள். ஜெய்பீம்.