குழாயின் வாயிலிலே நிறுத்துவோம்!

(வட்டப் பணியாளர் பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)

தோழர்களே!

உலகப் புரட்சிகளும் உரிமைப் போராட்டங்களும் பேசப்பட்ட இம்மன்றத்திலே, இன்று சாக்கடை பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறீர்கள். தலைப்பைக் கேட்டதும் சில தோழர்கள் முறுவலித்ததைக் கண்டேன். "சாக்கடையா? சுகாதார அதிகாரி பேச வேண்டிய பொருளாயிற்றே. அரசியல்வாதிக்கு அதிலே என்ன வேலை?" என்று அம்முறுவல் கேட்டது. விடை சொல்லுகிறேன். ஊரிலே அழுக்கை உண்டாக்குபவன் யார்? அதை அகற்றுபவன் யார்? அகற்றும்போது சாகிறவன் யார்? இந்த மூன்று கேள்விகளும் அரசியல் அல்லவென்றால், வேறு எதுதான் அரசியல்?

சென்னை மாநகரை எடுத்துக்கொள்வோம். 1910-ஆம் ஆண்டிலே இந்நகருக்குப் பாதாளச் சாக்கடைத் திட்டம் வகுத்தவர்கள், 1961-இல் இங்கே 6.6 லட்சம் மக்கள் வாழ்வார்கள் என்று கணக்கிட்டு, அதற்கேற்பக் குழாய் அமைக்க எண்ணினார்கள். 1961-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்போ, மக்கள்தொகை 17 லட்சத்தைத் தாண்டிவிட்டதென்று காட்டிற்று. பின்னர் குழாய்கள் விரிவுபடுத்தப்பட்டன. 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்க் குடிநீரையும் கழிவுநீரையும் கவனிக்கத் தனி வாரியம் அமைந்தது. ஆனாலும் எத்தனை பெரிய குழாய் பதித்தாலும், அதற்குள் எதை விடலாம், எதை விடலாகாது என்ற கட்டுப்பாடு இல்லையேல், அது அடைபட்டே தீரும்.

அந்தக் கட்டுப்பாட்டைத்தான் ஊராட்சி விதிகள் பேசுகின்றன. மழைநீரைச் சாக்கடைக் குழாயில் விடாதே. கழிவுநீரை மழைநீர் வடிகாலில் விடாதே. உணவு விடுதியின் எண்ணெய்ப் பிசுக்கைத் தொட்டியிலே தடுத்து நிறுத்து. ஆலைக் கழிவைச் சுத்திகரிக்காமல் வெளியே விடாதே! படிப்பதற்குச் சுவையற்ற வாசகங்கள்தாம். ஆயினும் ஒவ்வொன்றுக்கும் பின்னே காரணம் உண்டு.

மழைநீர் சாக்கடையில் புகுந்தால், நீரேற்று நிலையம் திணறுகிறது. மேட்டு வீதி மாளிகையின் மாடியில் விழுந்த மழை, பள்ளத்து வீதிக் குடிசைக்குள் மலநீராகப் புகுகிறது. கழிவுநீரை மழைநீர் வடிகாலில் திருப்பிவிட்டால், அது நேரே கூவத்துக்கும் அடையாற்றுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் போய்ச் சேருகிறது. ஆற்றைக் கொன்றவர் யார் என்று மேடைதோறும் கேட்கிறோம். நம் வீட்டுக் குழாய் எங்கே போகிறது என்று குனிந்து பார்த்தோமா?

ஆலைக் கழிவின் கதை இன்னும் கொடியது. சுத்திகரிப்பு நிலையத்திலே அழுக்கைத் தின்று நீரைத் தெளிவாக்குபவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். குரோமியமும் சயனைடும் வந்து கொட்டினால் அவை மடியும்; நிலையம் பெயரளவுக்கே நிலையமாக நிற்கும். ஆகவேதான் பொதுச் சாக்கடையில் விடும் ஆலைக் கழிவுக்கு நாடு தழுவிய அளவுகளை இந்திய அரசு வகுத்தது: லிட்டருக்கு எண்ணெய்ப் பிசுக்கு 20 மில்லிகிராமுக்கும், குரோமியம் 2 மில்லிகிராமுக்கும் மேற்படலாகாது.

இந்த விதிகளை அலட்சியம் செய்தால் ஏழைதானே சாவான் என்று எண்ணும் செல்வர்களுக்கு, அமெரிக்க நாட்டு லூயிவில் நகரம் பாடம் சொல்லும். 1981 பிப்ரவரி 13-ஆம் நாள் விடியற்காலை, சோயா எண்ணெய் ஆலை ஒன்றிலிருந்து சாக்கடையில் கலந்த ஹெக்சேன் என்னும் கரைப்பானின் ஆவி தீப்பற்றியது. வீதியிலே சென்ற காரின் ஒரு பொறி போதுமானதாயிற்று. இரண்டு மைல் நீளத்துக்கும் மேலாக வீதிகள் வெடித்துப் பிளந்தன! விடியாத வேளையாதலால் உயிர்கள் தப்பின.

நம் நாட்டிலே உயிர்கள் தப்புவதில்லை, தோழர்களே. இங்கே வெடிச்சத்தம் கேட்பதில்லை. ஓசையின்றி ஒருவன் சாகிறான். பிசுக்கும் துணியும் அடைத்த குழாயிலே கழிவு தேங்குகிறது. காற்றற்ற அந்தத் தேக்கத்திலே ஹைட்ரஜன் சல்ஃபைடு என்னும் விஷவாயு பிறக்கிறது. முதலில் அழுகிய முட்டை நாற்றம். அளவு மிகுந்தால் முகரும் ஆற்றலையே அது மரத்துப்போகச் செய்கிறது. நாற்றம் நீங்கிற்று என்று எண்ணி இறங்குகிறவன், மீண்டும் ஏறுவதில்லை. அவனைத் தூக்க இறங்கும் தோழனும் ஏறுவதில்லை.

சட்டம் இல்லையா? இருக்கிறது. உரிய பாதுகாப்பின்றிச் சாக்கடையிலும் மலக்குழியிலும் ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது. முதற் குற்றத்துக்கே 2 ஆண்டு வரை சிறை உண்டு. 1993 முதல் சாக்கடையில் மாண்டோர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தரவேண்டுமென்று 2014-இல் உச்ச நீதிமன்றம் கூறிற்று. 2023-இல் அத்தொகையை 30 லட்சமாக உயர்த்திற்று. இழப்பீடு உயர்ந்தது; நன்று. இழப்பு நின்றதா? அடைப்பை உண்டாக்கியவன் மாளிகையிலே இருக்க, அடைப்பை நீக்கியவன் பிணவறையிலே கிடக்க, பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டால் நீதி முடிந்ததா?

இப்போது நம்மைப் பற்றிப் பேசுவோம். ஓர் உணவு விடுதிக்கு அபராதம் விதிக்க அதிகாரி வருகிறார். உடனே தொலைபேசி ஒலிக்கிறது: "அவர் நமக்கு வேண்டியவர், மாநாட்டுக்குப் பந்தல் போட்டுத் தந்தவர், கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள்!" பேசுபவர் யார்? வேற்றாரா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். நம்மில் எவரும் அப்படிப் பேசியதில்லையா? அந்தப் பரிந்துரை ஒருவனைக் குழிக்குள் இறக்கும் கயிறு என்பதை அறிந்தா பேசினோம்?

"விதியைக் கடுமையாக்கினால் ஏழைக்கல்லவா துன்பம்?" என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. இணைப்புக் கட்டணம் கட்ட வழியற்ற குடிசைக்கு முதலில் இணைப்புத் தரச் சொல்லி வாதாடுங்கள். அதன்பிறகு விதியைச் சொல்லுங்கள். தண்டனையை அடுக்குமாடியிலிருந்தும் ஆலையிலிருந்தும் தொடங்கச் சொல்லுங்கள். ஏழையின் பெயரைச் சொல்லி ஆலைக்காரன் தப்பிச் செல்ல விடாதீர்கள்.

ஆகவே, வட்டம் திரும்பியதும் செய்யவேண்டியவை மூன்று. வடிகாலில் திருட்டுத்தனமாகச் சேர்ந்துள்ள கழிவுக் குழாய்களைத் தெருத்தெருவாக எண்ணிப் பட்டியலிடுங்கள். அடைப்பு என்று புகார் வந்தால், இயந்திரம் வரும்வரை அங்கே நின்று, எவனையும் உள்ளே இறங்க விடாதீர்கள். விதி மீறியவருக்காகப் பரிந்துரை கேட்டு எவர் வந்தாலும், நம்மவரே வந்தாலும், முடியாது என்று சொல்லுங்கள்.

குழிக்குள்ளே மனிதன் இறங்காதிருக்க வேண்டுமானால், குழாயின் வாயிலிலே விதி நிற்க வேண்டும். அந்த விதிக்குக் காவலாக நாம் நிற்கவேண்டும்.