கழுத்திலே கட்டும் நெறி
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



வாய்ப் புற்றுநோய் என்றதும் வெற்றிலை, புகையிலையைக் கண்டித்துப் பேச்சை முடிப்பது நமது வழக்கம். புகையிலை சேராவிடினும் பாக்கே புற்றை உண்டாக்கவல்லது என்பது இன்று ஐயமற்ற செய்தி. (தாம்பூலத் தட்டில் இருக்கும்வரை வெற்றிலை மங்கலமே, அதனோடு நமக்குப் பிணக்கில்லை.) இன்று நாம் பேச விரும்புவது வேறொன்று: சத்திரசிகிச்சைக்குப் பின்வரும் ஆறு கிழமைகள்.

நாக்கிலோ கன்னத்தின் உட்புறத்திலோ தோன்றும் புற்று முதலில் நாடுவது கழுத்திலுள்ள நிணநீர்க் கணுக்களை. தொண்டை நோகும்போது தாடைக்குக் கீழே நெறி கட்டுகிறதல்லவா? அவையே இக்கணுக்கள். அந்த நெறி நோகும், சில நாளில் வற்றும். புற்றேறிய கணுவோ பெரும்பாலும் நோவதில்லை. இறுகி, வற்றாமல் வளரும். நோகாதபடியாலேயே பலர் அதனைப் பொருட்படுத்துவதில்லை. ஒரு கணுவிலேனும் புற்று ஏறிவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு ஏறக்குறையப் பாதியாகக் குறைகிறது.

கைக்குத் தட்டுப்படாத கணுவிலும் புற்று ஒளிந்திருக்கலாம். மும்பாய் தாதா நினைவு வைத்தியசாலையார் 2015 இல் வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவாக்கிற்று. வாய்ப்புற்றோடு கழுத்துக் கணுக்களையும் முன்கூட்டியே அகற்றியவர்களில் மூன்றாண்டு கழித்து 100 க்கு 80 பேர் உயிரோடிருந்தனர். கணு தென்பட்டபின் அகற்றுவோம் என்று காத்திருந்தவர்களிலோ 67 அல்லது 68 பேரே.

அகற்றிய கணுக்களை நுணுக்குக்காட்டியிலே பார்த்தபின்புதான் அடுத்த முடிவு. கணுக்களில் புற்றிருந்தால் பெரும்பாலும் கதிர்ச் சிகிச்சை வேண்டும். புற்று கணுவின் உறையை உடைத்து வெளிப்பட்டிருந்தாலோ, வெட்டிய விளிம்பிலே எஞ்சியிருந்தாலோ, கதிரோடு சிஸ்பிளாட்டின் என்னும் மருந்தும் ஏற்றுவர். அதன் பயனை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நடந்த இரு ஆய்வுகள் 2004 இல் காட்டின. சிறுநீரகமும் செவியும் நலிந்தவர்க்கு அம்மருந்து எளிதிற் பொருந்தாது; வைத்தியர் ஆராய்ந்தே கொடுப்பார்.

இங்கேதான் நம்மவர் தவறவிடுகின்றனர். புண் ஆறிற்று, சோறு இறங்குகிறது, இனி ஏன் கதிர் என்று வீட்டிலே இருந்துவிடுகின்றனர். சத்திரசிகிச்சை நடந்து ஆறு கிழமைக்குள் கதிர் தொடங்கவேண்டும். தொடங்கினால் கிழமைக்கு ஐந்து நாளாக ஆறு கிழமைக்கு மேலும் செல்லலாம். இடையிலே நிறுத்தினால் எஞ்சிய கலங்கள் மீண்டும் பெருகும். வாய் புண்ணாகும், உமிழ்நீர் வற்றும், சுவை கெடும். இவற்றை மறைத்துச் சொல்வதில் நன்மையில்லை. பழுதான பற்களைக் கதிருக்கு முன்னரே பிடுங்குவித்தல் வேண்டும். கதிர் பட்ட தாடையெலும்பு பின்னர் எளிதில் ஆறாது.

மகரகமவிலும் தெல்லிப்பழையிலும் புற்றுநோய் வைத்தியசாலைகள் இருக்கின்றன. எனினும், நாட்கூலிக்குப் போகும் ஒருவர் முப்பது நாளுக்கு மேல் அங்கே போய்வருவது எப்படி? கூட்டிச் செல்வார் யார்? அவர் வீட்டில் அடுப்பெரிவது எப்படி? இளைஞர்கள் முறைவைத்துத் துணைபோகலாம். நோயாளி வீடு திரும்பும் நாளிலேயே, “கணுவின் முடிவு என்ன? கதிர் எந்தத் திகதியில்?” என்று கேட்டுக் குறித்துக்கொள்ள ஒருவர் உடனிருந்தாலே போதும், அந்தத் திகதி தவறாது.